சானடோரியமும் சேத்துப்பட்டும்

காந்திபுரத்திலிருந்து ஈரோட்டுக்குப் புறப்படும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், பெருந்துறைப் பக்கம் இறங்குகிறவர்களில் யாரேனும் ஒருவர் "சானடோரியம் ஒண்ணு குடுங்க" என்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது காதில் விழும். கேட்பவர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியின் மாணவராகவோ, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போகிறவராகவோ இருப்பார். அந்தச் சொல் ஒரு காலத்தில் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் எத்தகைய நடுக்கத்தை உண்டாக்கிற்று என்பதை அவர் அறியார். அறியாமலிருக்க முடிவதே ஒரு பெரும் பாக்கியம். அந்தப் பாக்கியம் நமக்கு எப்படி வாய்த்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சானடோரியம் என்பது க்ஷயரோகிகளின் தனிக் குடியிருப்பு. 1882-இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டு சொன்ன பின்னரும் 60 ஆண்டுக் காலம் அதைக் கொல்லும் மருந்தொன்று கிடைக்காதிருந்தபடியால், தூய காற்று, பூரண ஓய்வு, பாலும் முட்டையும் கலந்த புஷ்டியான ஆகாரம் ஆகிய மூன்றையுமே மருந்தாகக் கொண்டு, ஊருக்கு அப்பால் திறந்த வெளியில் நீண்ட தாழ்வாரங்களோடு எழுப்பிய கட்டடங்களில் நோயாளிகளை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் படுக்கவைத்துக் காத்திருப்பதே உலகெங்கும் வைத்திய முறையாயிருந்தது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும், நம் பக்கத்துப் பெருந்துறை சானடோரியமும் அந்த நம்பிக்கையின்மேல் எழுந்தவையே.

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றி, 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தபின் பஞ்சாலைகள் வரிசையாகப் பெருகியபோது, அவற்றைச் சுற்றி லைன் வீடுகளும் பெருகின. ஓரறையும் ஒரு திண்ணையுமாக அமைந்த அவ்வீடுகளில் ஆறேழு பேர் ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்தனர். ஒருவர் இருமினால் எல்லோரும் விழித்தனர். பஞ்சுத் தூசியால் வந்த இருமல் எது, எலும்புருக்கியால் வந்த இருமல் எது என்று பிரித்தறிவதற்கே எக்ஸ்ரே படமும் சளிப் பரிசோதனையும் வேண்டியிருந்தன. அவை எட்டும் தூரத்தில் இல்லாத தொழிலாளி, இரத்தம் கக்கிய பிறகே தன் நோயின் பெயரை அறிந்தான்.

எங்கள் தெருவில் அப்படிச் சானடோரியம் போய் மீண்ட மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். முதுமையில் அவர் திண்ணையை விட்டு எழுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழைய கதைகளைச் சொல்வார். "பாலு, முட்டை, ரொட்டி எல்லாம் நேரத்துக்கு வந்துரும் கண்ணு. ஒடம்பும் தேறிப்போச்சு. ஆனா அந்த ஒரு வருசம் ஊட்டுல அவ மூணு புள்ளைகளை வெச்சுக்கிட்டு எப்படிச் சமாளிச்சாள்னு எனக்கு இன்னைக்கு வரைக்குந் தெரியாது. கேக்கறதுக்கு மனசு வரலை" என்று ஒரு நாள் சொன்னார். பிற்காலத்தில் நான் க்ஷயரோக ஆராய்ச்சியின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கியபோது, பெரிய பெரிய விஞ்ஞான அறிக்கைகளுக்கெல்லாம் அடியில் அவருடைய அந்த ஒரு கேள்வியே கிடந்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் ஸ்ட்ரெப்டோமைசினும், அதையடுத்துப் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிட் என்னும் மலிவான மாத்திரையும் வந்து சேர்ந்தன. மாத்திரைதான் கிருமியைக் கொல்கிறதென்றால், அதை நோயாளி தம் வீட்டிலேயே இருந்துகொண்டு விழுங்கினால் என்ன? இலட்சக் கணக்கான நோயாளிகளுக்குச் சில ஆயிரம் படுக்கைகளே இருந்த நம் தேசத்தில் இது ஏட்டளவில் நிற்கும் சர்ச்சையன்று. படுக்கை கிடைக்காதவன் இறப்பானா, பிழைப்பானா என்பதே இதில் அடங்கியிருந்தது. வீட்டில் போஷாக்கு இல்லை, ஓய்வு இல்லை, மருந்தை ஒழுங்காக உண்ணுவார் என்ற நிச்சயமும் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக அதே அறையில் உறங்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். ஏழை தேசத்துக்கு வேறு கதியில்லை என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். இரு தரப்பிலும் படித்தவர்களும் அனுபவசாலிகளும் இருந்தார்கள். அபிப்பிராயங்கள் ஏராளமாக இருந்தன. பிரமாணம் மட்டுமே இல்லை.

அந்தப் பிரமாணத்தைத் தேடுவது தனியொரு வைத்தியரால், அவர் எத்துணை மேதையாயினும், ஆகிற காரியமன்று. நூற்றுக் கணக்கான நோயாளிகளை ஒரே அளவுகோலால் அளந்து, ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து, ஒவ்வொருவருடைய சளியையும் மாதந்தோறும் வளர்த்துப் பார்த்து, எழுதிய ஏட்டைக் கலையாமல் காத்து, முடிவில் கணக்கறிந்தவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், ஆட்கள் வேண்டும், ஆள் மாறினாலும் மாறாத ஒழுங்கு வேண்டும். இவற்றை ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லை. பொதுவில் வைத்தால் எல்லோருக்கும் உண்டு. இவ்வாறு பொதுவில் வைத்து ஆராயும் பழக்கம் நம் கொங்கு நாட்டின் தலைக்கு மேலேயே, குன்னூர் மலையில், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேரூன்றியிருந்தது என்பதைச் சொல்லாமல், அந்தப் பிரமாணம் கிடைத்த சென்னைச் சேத்துப்பட்டுக்குப் போவது நியாயமாகாது.

மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுகிறவர்கள் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்க்கிறார்கள். அதன் அருகிலேயே இருக்கும் பாஸ்டர் ஸ்தாபனத்தைப் பார்ப்பவர் சிலரே. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய் கடித்து மாண்டார். அக்காலத்தில் அக்கடிக்கு ஊசி போடும் இடம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியே. தெற்கே கடிபட்டவன் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் போய்ச் சேருவதற்குள் விஷம் முந்திக்கொள்ளும். அந்த மரணத்தால் கிளர்ந்த பொதுஜன நன்கொடையோடு, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்த பெருந்தொகையின் ஒரு பகுதியும் சேர, 1907 ஏப்ரல் 6-ஆம் தேதி தென்னிந்தியப் பாஸ்டர் ஸ்தாபனம் குன்னூரில் வேலையைத் தொடங்கிற்று. கடிபட்டவர்களுக்கு மருந்து செய்வதற்காகவே எழுந்த அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சியும், சுத்தமான நீரும், பழகிய கைகளும், நுண்ணோக்கிகளும் ஒருசேர இருந்தபடியால், வேறு நோய்களை ஆராய வந்தவர்களும் அதன் கூரையின்கீழ் இடம் கேட்டனர்.

அப்படி இடம் கேட்டு வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் மக்காரிஸன். 1918-இல் அவருக்குக் கிடைத்தது ஒற்றை அறை. எடுத்துக்கொண்ட விஷயம் பெரிபெரி நோய். தீட்டிய அரிசியையே தின்பவர்களைக் கால் வீங்கவும் நரம்பு தளரவும் செய்து கொன்ற அந்த நோயை ஆராயப் புகுந்தவர், இந்தியாவின் வெவ்வேறு பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவுகளையே எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்து, எந்த உணவு எத்தகைய உடலைத் தருகிறது என்று வருஷக் கணக்கில் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் செழித்தன. அரிசியே பிரதானமான தென்னாட்டு ஏழையின் உணவில் வளர்ந்தவை நலிந்தன. 1923-இல் அரசாங்கச் சிக்கனத்தின் பேரால் அந்த ஆராய்ச்சியே இரண்டாண்டுக் காலம் நிறுத்தப்பட்டது என்பதைப் படிக்கும்போது, இத்தகைய ஸ்தாபனங்களைக் கட்டுவதற்கு எத்தனை வருஷம் ஆகிறது, கலைப்பதற்கு எவ்வளவு சிறிய கையெழுத்துப் போதும் என்று மனம் பதைக்கிறது. நல்ல வேளையாக அது மறுபடி உயிர்பெற்று, 1928-இல் போஷாக்கு ஆராய்ச்சிக் கூடங்கள் என்ற பெயரோடு தனி ஸ்தாபனமாயிற்று.

மக்காரிஸனுக்குப் பின் 1935-இல் தலைமையேற்ற வாலஸ் அய்க்ராய்டின் காலத்தில் அங்கே செய்த காரியம் எலிப் பரிசோதனையைப் போல் பேசப்படுவதில்லை. ஆயினும் என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரியது. நம் நாட்டுத் தானியங்களையும் பயறுகளையும் கீரைகளையும் காய்களையும் மீன்களையும் ஒவ்வொன்றாகப் பகுத்து, அதில் புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, சுண்ணாம்புச் சத்து இவ்வளவு, இரும்புச் சத்து இவ்வளவு என்று அட்டவணை போட்டு, 1937-இல் சுகாதார வெளியீடு 23-ஆம் எண் என்ற சாதாரணப் பெயரோடு குறைந்த விலைப் புத்தகமாக வெளியிட்டனர். சிறைச்சாலைச் சமையலுக்குக் கணக்குப் போடுகிறவரும், அனாதை ஆசிரமம் நடத்துகிறவரும், ஆஸ்பத்திரியில் ஆகாரம் வகுக்கிறவரும், புதிதாக ஆராயப் புகும் மாணவரும் அந்த ஒரு புத்தகத்தையே பிரித்தனர். அது பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்தது. ஸ்தாபனம் 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே போயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனின் தலைமையில் 1971-இல் புதுப்புத்தகமாக வெளிவந்தது. 100 கிராம் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், அதே அளவு கேழ்வரகில் 344 மில்லிகிராமும் உண்டு என்று இன்று நம் வீட்டுப் பெண்கள்கூடச் சொல்லிக்கொண்டு ராகிக்களி கிண்டுகிறார்களே, அந்த எண்கள் அந்த அட்டவணையில் உள்ளவை. களியையும் கம்மஞ்சோற்றையும் ஏழ்மையின் அடையாளமென்று கூசி ஒதுக்கிய தலைமுறையொன்று கோவையில் இருந்ததை நினைத்தால், ஒரு பொது அட்டவணைக்கு உள்ள வலிமை விளங்கும்.

இனிக் க்ஷயரோகத்துக்கு வருவோம். மருந்தொன்றைச் சோதிப்பதெப்படி என்பதற்கே ஒரு முறை வேண்டியிருந்தது. 1948-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 107 நோயாளிகளைக் கொண்டு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த அறிக்கையை வெளியிட்டபோது, யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியரின் இஷ்டத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கலைப் போல எதேச்சையாகத் தீர்மானிக்கும் விதியை ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் அதில் நிலைநாட்டியிருந்தார். வைத்தியர் தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவனுக்கே புது மருந்து போய்ச் சேரும். அப்புறம் மருந்து தேற்றியதா, உடல் தேறியதா என்று யாரால் சொல்ல முடியும்? அந்த விதியை லண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்து சென்னையின் குடிசைகளிலும் சந்துகளிலும் நடத்திக் காட்டியதே பின்வரும் கதை.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஸ்பர் டாங்க் சாலையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் கூடி ஏற்படுத்திய கூட்டுக் குடும்பம் அது. 1911-இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலாகப் பெயர் மாறிய அமைப்புக்கு அது ஒரு பெரும் பொறுப்பு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் தலைமை வைத்தியராக வந்தவர் வாலஸ் பாக்ஸ். அவருடைய கண்டிப்பைச் சொல்லாத சரித்திரமில்லை. ஐந்தாண்டுத் திட்டமென்று தொடங்கிய அந்த வேலைக்கு நம் நாட்டு வைத்தியர்கள், கிருமியியலார், புள்ளியியலார், செவிலியர், சுகாதாரப் பார்வையாளர்கள் என்று ஒரு சேனையே உருவாயிற்று. வந்தவர்கள் திரும்பிப் போய்விட்ட பின்பும் அந்தச் சேனை நின்றது என்பதையே அந்தக் கூட்டு முயற்சியின் முதல் வெற்றியாக நான் கொள்வேன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதற் கேள்வி, எங்கள் தெருத் திண்ணையில் கேட்ட அதே கேள்விதான். சென்னையின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை எதேச்சையாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் சேர்த்தனர்; மற்றப் பிரிவினரைத் தத்தம் வீட்டிலேயே இருக்கவிட்டனர். இருவருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும். இது எளிதாகத் தோன்றும். செய்து பார்க்கையில் ஒவ்வொரு படியிலும் ஒரு தடை எழுந்திருக்கும் என்பதை, அவர்கள் கைக்கொண்ட உபாயங்களைப் பார்த்தே ஊகிக்கலாம்.

வீட்டில் இருப்பவர் மருந்தை உண்டாரா என்று எப்படி அறிவது? பி.ஏ.எஸ். வாயில் வைக்கக் கூசும் மருந்து, வயிற்றைப் புரட்டும், உடம்பு சற்றுத் தெளிந்தவுடன் விட்டுவிடத் தோன்றும். ஆகவே நோயாளி வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து அவ்வாரத்து மருந்தைப் பெற்றுப் போனதோடு, சுகாதாரப் பார்வையாளர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், டப்பாவில் மிஞ்சிய மருந்தை எண்ணுவார். அப்பொழுதே ஒரு புட்டியில் சிறுநீரும் வாங்கிக்கொள்வார். பி.ஏ.எஸ். உண்டவரின் சிறுநீரில் குறிப்பிட்ட இரசாயனத்தைச் சேர்த்தால் நிறம் மாறும், உண்ணாதவருடையது மாறாது. வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணை ஒரு வேவுகாரியாக எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பமும் இருக்கும். முகம் பார்த்து விசாரிப்பவர் அவர் ஒருவரே என்று பாய் விரித்து உட்காரவைக்கும் குடும்பமும் இருக்கும். கதவைச் சாத்தியவரைத் திறக்கச் செய்ததும், திறந்தவரை ஓராண்டு முடியும்வரை நழுவாமல் காத்ததும் அந்தப் பார்வையாளர்களின் பொறுமையே. அறிக்கைகளின் தலைப்பில் வைத்தியர்களின் பெயர்கள் நிற்கின்றன. அந்தப் பொறுமைக்குப் பெயர் போட இடமில்லை.

ஆய்வுக்கூடத்தின் வேலை இன்னும் நுண்ணியது. நோயாளியின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பது முதற்படிதான்; கிருமி உயிரோடிருக்கிறதா, மருந்துக்கு அடங்குமா என்றறிய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். கோழி முட்டையைப் பச்சைச் சாயத்தோடு கலந்து, சாய்த்து வைத்த குழாயில் உறையச் செய்த ஆகாரத்தின் மேல் சளியை விதைத்து, உடம்புச் சூட்டில் வாரக் கணக்கில் காத்திருந்தால், க்ஷயக் கிருமி மெதுவாக மஞ்சள் கொப்புளங்களாய் எழும்பும். ஆறு வாரமோ எட்டு வாரமோ எடுத்துக்கொள்ளும் பயிர் இது. நடுவில் மின்சாரம் நின்றாலும், குழாய் அசுத்தமானாலும், சீட்டு மாறி ஒட்டினாலும் ஒரு நோயாளியின் சரித்திரம் பாழாகிவிடும். லண்டனில் டென்னிஸ் மிட்சிஸன் போன்ற கிருமியியலாரோடு ஓயாமல் தொடர்பு வைத்துக்கொண்டு, இங்குள்ள கூடத்தையும் அங்குள்ள கூடத்தையும் ஒரே தராசில் நிறுத்தினர். எக்ஸ்ரே படங்களைப் படித்தவருக்கு, அது வீட்டு நோயாளியுடையதா, சானடோரிய நோயாளியுடையதா என்று தெரியவிடவில்லை. தெரிந்தால் கண் தன் விருப்பத்தையே காணும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தைக் காட்டிலும் உயர்ந்த நேர்மையை நான் அறியேன்.

1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில் நோயின் கிருமி அடங்கினவர்கள் வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86. சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92. சானடோரியத்தார் நல்ல ஆகாரம் உண்டனர், மிகுதியாக ஓய்ந்திருந்தனர், எடையும் அதிகம் கூடினர். வீட்டார் அரைகுறைச் சோற்றோடும், நெரிசலோடும், கவலையோடும் இருந்தனர். அத்தனை வித்தியாசம் இருந்தும் நோய் அடங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து நோயை வென்றது. பாலும் முட்டையும் உடம்பைத் தேற்றின, அவ்வளவே. குன்னூரில் ஆகாரத்தின் மகிமையை நிறுவிய அதே தேசத்து விஞ்ஞானம், இங்கே ஆகாரத்தின் எல்லை எது என்பதையும் காட்டிற்று. ஆகாரம் வேண்டாமென்று இதைப் பொருள் கொண்டவர்கள் தவறு செய்தார்கள். பட்டினி கிடப்பவனைக் க்ஷயம் எளிதில் பற்றும் என்பது மாறாத உண்மை. ஆனால் ஆகாரம் கொடுக்க முடியவில்லையே என்று மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்பதே அந்த ஏட்டின் தீர்ப்பு.

இதைவிட என்னை உருக்கியது அதன் இரண்டாம் பகுதி. நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தாயார், மனைவி, குழந்தைகள் எல்லோரையும் நிலையத்தார் ஏட்டில் பதிந்து, ஐந்தாண்டுக் காலம் எக்ஸ்ரே எடுத்தும் சோதித்தும் பின்தொடர்ந்தனர். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தார்க்கு, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தாரைக் காட்டிலும் அதிகமாக நோய் தொற்றவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது; மருந்து உள்ளே சென்ற சிறிது காலத்துக்குள் தொற்றும் சக்தி குன்றிவிடுகிறது. ஆகவே பச்சைக் குழந்தையின் தகப்பனை அதன் கண்ணிலிருந்து ஓராண்டு மறைத்து வைப்பதில் பயனில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியே சமாளித்த அந்தப் பெண்ணுக்கு, இந்த விடை காலம் கடந்து வந்தது; அவளுக்குப் பின்வந்த கோடிக் கணக்கான பெண்களுக்குக் காலத்தில் வந்தது. 1962-இல் இந்திய சர்க்கார் தேசியக் க்ஷயரோகத் திட்டத்தை வகுத்தபோது, வீட்டிலிருந்தே சிகிச்சை என்பதை அதற்கு அஸ்திவாரமாக்கிற்று. மேல்நாட்டுச் சானடோரியங்களும் ஒவ்வொன்றாகக் காலியாயின.

சேத்துப்பட்டின் சிறப்பு, ஒரு கேள்விக்கு விடை கண்டவுடன் கலைந்து போகாதிருந்ததே. நோயாளிகள் வந்து பழகிய வாசல், முட்டைக் குழாய்கள் நிறைந்த கூடம், பிழையற எழுதப் பழகிய ஏட்டறை, வீட்டு விலாசம் அறிந்த பார்வையாளர் எல்லாம் அப்படியே இருந்தமையால், அடுத்த கேள்வியை அடுத்த நாளே எடுத்துக்கொள்ள முடிந்தது. தினந்தோறும் தானே உண்ணச் சொல்வதற்குப் பதிலாக வாரத்துக்கு இருமுறை நிலையத்துக்கு வரச்செய்து, கண்ணெதிரே மருந்து கொடுத்தாலென்ன என்று கேட்டு, 1964-இல் அது நன்கு பலிக்கிறது என்று வெளியிட்டனர். 1990-களில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு விதை இங்கு ஊன்றியதே. பின்னர் ரிபாம்பிசின் வந்தபோது, ஓராண்டும் அதற்கு மேலும் நீண்ட சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கும் வேலையில் இந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஐந்தாண்டுத் திட்டம் நிரந்தர ஸ்தாபனமாகி, 1978-இல் க்ஷயரோக ஆராய்ச்சி மையமென்றும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமென்றும் பெயர் பெற்றது.

செங்கல்பட்டு ஜில்லாவில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை வேறு விதமான பாடம். சுமார் 3,60,000 பேரை ஊர் ஊராக, வீடு வீடாகப் பதிந்து நடத்திய அந்த மாபெரும் முயற்சியின் முதல் முடிவு 1979-இல் வெளிவந்தபோது, வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. கேட்டவர்கள் திடுக்கிட்டனர், முறையில் பிழை இருக்கும் என்று சந்தேகித்தனர், 15 ஆண்டுக் கணக்கும் அதையே சொல்லிற்று. விரும்பிய விடை வராவிட்டாலும் வந்த விடையை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்களே, அதற்கு வேண்டிய துணிவு தனி மனிதருக்கு அரிது; பொது ஏடும் பொது ஸ்தாபனமும் இருந்தால் அது சாத்தியமாகிறது.

இதே வழியில்தான், 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் தோற்றுவித்த புற்றுநோய் நிலையத்தில் 1982-இல் சென்னை நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிற்று. பின்னர் அம்முயற்சி மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நாட்டில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளைத் தொடங்குமுன்னரே பதிந்து வைக்கும் பொதுப் பதிவேடு 2007-இல் ஏற்பட்டு, 2009 முதல் கட்டாயமாயிற்று. பிடிக்காத முடிவை மேஜை அறையில் பூட்டி வைக்கும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம்.

கோவையில் நமக்கு மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 1966-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 1985-இல் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி வந்தது. அவிநாசி சாலையின் இருமருங்கிலும் பல்மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. கேரளத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆனால் ஒரு மருத்துவமனையின் ஏடு அடுத்ததன் ஏட்டோடு பேசுவது அரிது. ஒரே நோயாளி மூன்று இடத்தில் மூன்று எண்ணாகப் பிரிந்து கிடக்கிறார். பஞ்சாலையில் 30 வருஷம் தூசியை விழுங்கியவரின் நுரையீரல் எப்படியானது என்பதை ஓரிடத்தில் தொகுத்துக் காண வழி வேண்டும். இது கோவைக்குப் புதிதான யோசனையன்று. காந்திபுரத்திலிருந்து விமான நிலையம் போகும் வழியில் 'சித்ரா' என்றொரு நிறுத்தம் உண்டு; அதுவும் சானடோரியத்தைப் போலவே ஊர்ப்பெயராகிவிட்ட சொல். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சந்தையில் ஒருவரையொருவர் முந்த முயன்ற மில் முதலாளிகள், நூலின் முறுக்கையும் பஞ்சின் தரத்தையும் சோதிக்கும் கருவிகளைத் தனித்தனியே வாங்கிக் கட்டுப்படியாகாது என்றுணர்ந்து, பொதுவில் பணம் போட்டு, சேத்துப்பட்டு நிலையம் திறந்த அதே 1956-ஆம் ஆண்டில் அதை நிறுவினார்கள். ஒருவர் மில்லின் குறையை மற்றவர் மில்லின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள அங்கே இடம் கிடைத்தது. நூலுக்கு நம் முன்னோர் செய்ததை நுரையீரலுக்கு நாம் செய்யலாகாதா?

இந்நகரத்து மருத்துவமனைகளை நடத்துவோர், நோயாளியின் பெயரையும் விலாசத்தையும் மறைத்து, மற்ற விவரங்களையாவது ஒரு பொது ஏட்டில் சேர்க்க முன்வர வேண்டும். ஒரு குளிர்பதன அறையையும் ஒரு பயிற்சி பெற்ற பதிவாளரையும் சேர்ந்து வைத்துக்கொள்வதில் தொடங்கினாலும் போதும். வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சிறிது. சுகாதாரத் துறையிலிருந்தோ மருத்துவக் கல்லூரியிலிருந்தோ யாரேனும் கையில் பதிவுத் தாளோடு உங்கள் வாசலுக்கு வந்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு இருமல், எத்தனை நாளாக என்று விசாரித்தால், அடையாளச் சீட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.